ஆட்டுக்கு வெல்லம் கொடுத்த கதை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப்பேருக்கு, அக்கா என்றதும் ஆட்டுக்கு வெல்லம் கொடுத்த கதைதான் முதலில் ஞாபகம் வரும். கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு என்று அத்தான் அதைச் சொல்லாத இடமில்லை. நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்துவதற்காகவே, எழுதிப் பழக்கமில்லாத நான் இந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், செம்மண் தேரிக்காட்டு ஊர் ஒன்றில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் இரண்டே பெண்கள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குத் தலை வாரிவிட்டதும் தலையில் குட்டியதும் அக்காதான். பத்தொன்பது வயதில் அத்தானைக் கைப்பிடித்துப் புனே வந்தார். அத்தானுக்கு லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் ஸ்டோர் வேலை. விஷ்ராந்த்வாடியில் தகரக்கூரை வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் இங்கே பேசப்போவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்திருந்த சமயம், என் கணவர் கப்பல் வேலைக்குப் போய்விட, ஆறு மாதக் கைக்குழந்தையோடு நான் அக்கா வீட்டில் வந்து ஒண்டினேன். கேம்ப் பகுதியில் ஒரு டைப்பிஸ்ட் வேலையும் கிடைத்தது. என் மகளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அந்த வாரமே அக்கா சந்தையிலிருந்து ஒரு செவலை ஆட்டைப் பிடித்துவந்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஆடு வளர்த்ததில்லை. "வாத்தியார் மவ ஆடு மேய்க்கா பாரு" என்று அத்தான் கேலி செய்தார். குழந்தை தேறத் தொடங்கியது.

இரண்டு மாதத்தில் செவலைக்குப் பால் வற்றியது. மயிர் சொரசொரத்துப் போய், சுவரின் சுண்ணாம்பை நக்கியது, அத்தானின் வேர்த்த சட்டையைக் கொடியிலிருந்து இழுத்துச் சப்பியது. பக்கத்து வீட்டில் ஆடு வளர்த்த மராத்தி அம்மாளைத் தெருவே மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடும். அவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "திலா மீட் த்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மீட் கொடுங்கள் என்பது மட்டும் அக்காவுக்குப் புரிந்தது. நான் ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டார்.

"ஏட்டி, மீட்னா என்ன?"

"இதுகூடத் தெரியாதாக்கும்? இனிப்பு. வெல்லம் குடுக்கச் சொல்லுதாவ."

இந்தியில் மீட்டா என்றால் இனிப்பு. மராத்தியில் மீட் என்றால் உப்பு. இரண்டு மொழியையும் கரைத்துக் குடித்தவள் என்று அப்போது எனக்கு நினைப்பு. அக்கா என் பேச்சை நம்பினார். பலன் தெரியவில்லையே என்று அவர் தயங்கியபோது, "இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுக்கா" என்று சொன்னவளும் நானே.

நான்காம் நாள் செவலை எழுந்திருக்கவில்லை. இடப்பக்க வயிறு மத்தளமாக உப்பிவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தது. ஓடிவந்த மாவ்ஷி, வெல்லக் கட்டியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மீட் சாங்கித்லம், கூள் நாஹி!" என்று, உப்பைச் சொன்னேன், வெல்லத்தை இல்லை என்று கத்திவிட்டுத் தன் வீட்டு உப்பு ஜாடியைக் கொண்டுவந்து எங்கள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். பிறகு கடலை எண்ணெயில் சோடா உப்பைக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். ஆட்டின் முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி, அக்காவும் அவரும் மாறி மாறி வயிற்றை நீவினார்கள். பசியில் அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மரமாக நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அத்தான் சைக்கிளில் வந்து இறங்கினார். "யாரு வெல்லத்தக் குடுத்தது?" என்றார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் நான் பிள்ளையோடு ஒதுங்க வந்தவள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாந்தான். காதுல சரியா விழல" என்றார் அக்கா, தலையைத் தூக்காமலே.

பொழுது சாய்வதற்குள் செவலை பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. மாவ்ஷி சிரித்தார், அக்கா அழுதார்.

அதன்பின் அக்கா யார் பேச்சைக் கேட்டும் ஆட்டுக்கு எதையும் கொடுத்ததில்லை. ஆட்டிடமே கேட்டார். மூன்று சிரட்டைகளில் உப்பு, வறுத்துப் பொடித்த முட்டையோடு, சலித்த விறகுச் சாம்பல் என்று வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்ப்பார். செவலை ஒரு வாரம் உப்பை விட்டு நகரவில்லை, அப்புறம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாலும் திரும்பி வந்தது. சினைபிடித்ததும் முட்டையோட்டுச் சிரட்டைக்கு மாறியது. எங்களிடம் ஒரு நாளும் என்ன வேண்டும் என்று கேட்காமல், தட்டில் விழுந்ததைத் தின்னச் சொன்ன மனுஷி அவர்! ஆடு எதை முகர்கிறது, எதை ஒதுக்குகிறது என்று அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கவனிப்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஜெபத்தில்கூட அவரை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

எண்பதுகளில் ஆறு ஆடும் ஒரு கூட்டம் கோழியும் ஆயின. ஆளந்தி ரோட்டோரம் உதிரும் கருவேலங்காய், முருங்கைக் கீரை, கடலைப் புண்ணாக்கு என எல்லாவற்றையும் அக்கா முதலில் சிரட்டையில் வைத்துத்தான் கேட்டார். கோழிக்கு முட்டையோட்டை அடையாளம் தெரியாதபடி மாவாக்கித்தான் போடுவார். இல்லாவிட்டால் அது தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும் என்பார். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அக்கம்பக்கத்தார் நோஞ்சான் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாவ்ஷியே தன் ஆட்டை இழுத்துவந்து, "நீ கேட்டுச் சொல்லு" என்று நின்றதை என் கண்ணால் பார்த்தேன். என்ன பிறவி இவர் என்று எனக்குள் ஒரு பயமே வந்தது.

சிறுநீரகம் கெட்டுப்போய் அக்கா மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரம், அத்தான் அவரைச் சிரிக்கவைக்கத் தமிழ் தெரிந்த நர்ஸிடம் வெல்லக் கதையை மறுபடி எடுத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. நான் அன்றும் பேசாமலிருந்துவிட்டேன்.

இரவு பகல் பார்க்காமல் கவனித்த நர்ஸ் பெண்ணுக்கும், ரத்தம் கொடுத்த தளத்து நண்பர்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகருக்கும், இன்றும் அக்காவின் ஆடுகளுக்குத் தீனி வைக்கும் மாவ்ஷிக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அந்தப் பாலில் பிழைத்த என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால், இதை நானே அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். பெரியம்மாவின் வெல்லக் கதைக்கு அவளும் சிரிப்பவள்தான்.

அத்தான், வெல்லம் என்று சொன்னது நான். நீங்கள் என்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அக்கா அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, சாகும்வரை உங்களோடு சேர்ந்து சிரித்தார். கதையை நிறுத்திவிடாதீர்கள். இனிச் சொல்லும்போது என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.