கூட வந்தவர்

காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு காலை, கையில் கொதி எண்ணெய் பட்டிருந்த பெண்ணை ஓர் அம்மாள் அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதிருக்கும்.

"அண்ணன் பொண்ணுங்க. எங்க வீட்டோடதான் இருக்கா."

புண் இரண்டு நாள் பழசு. கேட்டதற்கெல்லாம் அந்த அம்மாளே பதில் சொன்னார். எங்கள் பழக்கமும் அதுதான். நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடம்தான் கேட்டு எழுதுவோம்.

கட்டுப் போட்டதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். "பாத்ரூம் போவணும். நீங்க கூட வாங்கக்கா."

வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். "அத்தை இருக்காங்கல்ல?" என்றேன். அந்த அம்மாளிடம், "கூடவே போங்கம்மா, மயக்கம் வந்துடப் போவுது" என்று அக்கறையாக வேறு சொன்னேன்.

அவள் என் கையை விட்டாள். "வேணாங்க்கா. இப்ப வரல."

மூன்று மாதம் கழித்து, வீட்டு வேலைக்குக் கடத்தி வரப்படும் பிள்ளைகளை அடையாளம் காண எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். எனக்கும் சான்றிதழ் கிடைத்தது.

அன்றே பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த விலாசத்துக்குப் போனால் அப்படி யாருமே இல்லை என்றார்கள். விலாசத்துக்குக் கீழே என் கையெழுத்தில் இருந்தது: "நோயாளி அத்தையுடன் பத்திரமாக அனுப்பி வைக்கப்பட்டார்."