நாலே மணி நேரம்

முடிதிருத்தும் கடை வைத்திருந்தவருக்குக் கத்திரி அண்ணன் என்று பட்டப்பெயர். கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். கடல் தாண்டி வாழும் மகள் விமான டிக்கெட் அனுப்பியதிலிருந்து, கடைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் முடிவெட்டோடு அந்தச் செய்தியும் சேர்ந்தே கிடைத்தது. காலை பத்து மணிக்கு ஏறினால் அன்றைக்கே மதியம் இரண்டு மணிக்கு இறக்கிவிடுவார்களாம்.

முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்த லாரி டிரைவர், எவ்வளவு தூரம் என்று கேட்டார். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் என்று மருமகன் சொன்னதை அண்ணன் பெருமையாக ஒப்பித்தார்.

டிரைவர் மனக்கணக்குப் போட்டார். “மணிக்கு மூவாயிரமா? அண்ணே, அது பிளேனா, துப்பாக்கிக் குண்டா?”

“மேலே சிக்னல் இருக்கா, வேகத்தடை இருக்கா? நேரா போகவேண்டியதுதானே.”

சவரக்கத்தி தொண்டையில் இருந்தபடியால் டிரைவர் மேற்கொண்டு வாதாடவில்லை.

அங்கே கடிகாரம் பத்து மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று மகள் போனில் விளக்கத்தான் செய்தாள். அதைக் காதில் வாங்கியவர் அண்ணனின் மனைவி. அவர் சொல்லப்போனபோது, டிக்கெட்டில் அச்சடித்ததைவிட உனக்கு அதிகம் தெரியுமா என்று அண்ணன் அவர் வாயை அடைத்துவிட்டார். பட்டால்தான் புத்தி வரும் என்று அந்த அம்மாளும் விட்டுவிட்டார்.

விமானத்தில் சாப்பாடு வந்தது. மகள் சமைத்து வைத்திருப்பாள், வயிற்றில் இடம் வேண்டும் என்று அண்ணன் தன் தட்டை மனைவி பக்கம் தள்ளினார். நாலு மணி நேரம் ஆனதும் பையை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, நிறுத்தம் வருமுன்பே பஸ் படிக்கட்டுக்குப் போகிறவர் மாதிரி, கதவோரம் போய் நின்றார். பணிப்பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“இறங்கணும்மா.”

“இன்னும் பத்து மணி நேரம் இருக்குங்க ஐயா.”

அண்ணன் ஜன்னலைக் காட்டினார். இன்னும் உச்சி வெயில்தானே, பத்து மணி நேரம் போனால் நடுராத்திரி ஆகிவிடாதா என்று கேட்டார். நாம் மேற்கே போகிறோம், சூரியனும் கூடவே வருகிறது என்று அவள் பொறுமையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். இருக்கையில் மனைவி, இந்த மனிதர் யாரோ என்பதுபோல் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு தட்டும் காலி.

பசி ஒரு பக்கம், மானம் போனது ஒரு பக்கம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர் வேறு. பக்கத்து இருக்கைக்காரர் தலைவலியால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அனுமதி கேட்டு அவர் தலையைப் பிடித்துவிட ஆரம்பித்தார். பத்து விரலும் மண்டையில் இறங்கிய சுகத்தில் ஆள் குறட்டையே விட்டுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த முன்வரிசைக்காரர் கழுத்துப் பிடிப்பு என்றார். பின்வரிசை அம்மாளுக்கும் தலை கனத்தது. விமானத்தின் வால்பக்கம் ஒரு சின்ன வரிசையே நின்றது. கூலியாக பிஸ்கட்டும் ரொட்டியும் வந்து குவிந்தன. பணிப்பெண்ணும் ஒரு தட்டுச் சாப்பாடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். மனைவி போர்வையை விலக்கி, “என் புருஷன்தான்” என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டார்.

விமான நிலையத்தில் மகள் கட்டிக்கொண்டு அழுதாள். மருமகன் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வீட்டு வாசல் மணி அடித்தது. விமானத்தில் முகவரி வாங்கிக்கொண்ட கழுத்துப் பிடிப்புக்காரர், முடி வளர்ந்த தம் இரண்டு தம்பிகளோடு நின்றுகொண்டிருந்தார்.