தண்ணீர் மில்லுக்குப் போன ஈர அரிசி

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலம். என் கணவர் இறந்த பிறகு லண்டன் மோர்டன் வீட்டில் நான் தனி. வெம்பிளியில் இருந்த மகன் ஞாயிறுகளில் சாப்பிட வருவான். பிறகு அதுவும் குறைந்தது. "கடையில வாங்கிற பக்கற் மாப் பிட்டு மணல் மாதிரி இருக்கம்மா" என்று ஒருநாள் சொன்னான். அதுதான் காரணம் என்று பிடித்துக்கொண்டேன். நல்ல மா இருந்தால் வருவான்.

பஸ் போகிற வழியில் ஆற்றோரம் ஒரு பழைய மில். தண்ணீர் தள்ள, ஆளுயரச் சக்கரம் சுழலும். வாசல் பலகையை எனக்கு வாசிக்கத் தெரியாது. மில் என்றால் அரிசி கொண்டுபோய் அரைப்பதுதானே? மகனுக்குப் போன் எடுத்தேன். "ஞாயிறு பின்னேரம் வா. மில்லில அரைச்ச மாவில பிட்டு." அந்த ஞாயிறு காலை பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் கட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே எல்லோரும் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்போலப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கையிலும் அரிசிப் பை இல்லை. மரப்பல் வைத்த சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விச் சுற்ற, தரை காலுக்குக் கீழே அதிர்ந்தது. மேலே பெட்டியிலிருந்து கோதுமை கல்லுக்குள் இறங்கி, கீழே மாவாக விழுந்தது. மில்காரர் வெள்ளைக்காரர், என் வயதுதான். மூட்டையை நீட்டினேன். அவிழ்த்துக் கையை விட்டார்.

"வெட்!"

"யெஸ், வெட்," என்றேன். பிட்டுக்கு ஈர அரிசியைத்தானே அரைக்கிறது?

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து, பிரிக்க முடியாததுபோல் இழுத்துக் காட்டினார். கல்லு ஒட்டிவிடுமாம். யாரோ சிரித்தார்கள். நான் தலை குனியவில்லை. காட்டத்தான் கொண்டுவந்தவள்போல மூட்டையைத் திரும்பக் கட்டினேன். அவர் என் கையைப் பிடித்து, விழுகிற மாவுக்குக் கீழே வைத்தார். இளஞ்சூடு. எடுக்க மனம் வரவில்லை.

வீட்டில் கிரைண்டரில் அடித்து, அரித்து, வறுத்து, பிட்டு அவித்தேன். போன் வந்தது.

"அம்மா, இண்டைக்கு ஏலாது. ஷிப்ட் மாறிப்போச்சு. அடுத்த ஞாயிறு வாறன்."

"அடுத்த ஞாயிறு எனக்கு ஏலாது. மில்லுக்குப் போகவேணும்."

"மில்லுக்கோ? உங்களுக்கு அங்க என்ன வேலை?"

"இருக்கு."

ஒரு வேலையும் இல்லை. சொன்ன சொல்லுக்காக அடுத்த ஞாயிறு போனேன், வெறுங்கையோடு. மில்காரர் என்னைக் கண்டதும் மூட்டையைத் தேடினார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டு நான் உட்கார ஒரு வாங்கை இழுத்துப்போட்டார். சக்கரம் நிற்கும்வரை இருந்தேன். நான் ஏலாது என்று சொல்லாதிருந்தால் இந்த நேரம் மகன் வந்திருப்பான் என்ற நினைப்பு அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும் என்று பார்த்தேன். அமுங்கவில்லை.