கோணி எடை கழிக்காத கயிறு

போன வருடம் ஆடி மாதம் என் இடுப்பில் டிஸ்க் விலகியது. திண்டிவனம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் இருபது வருடமாக மூட்டை தூக்கி எடை போடுகிறவன் நான். இனி மூட்டையைத் தொட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி இரக்கப்பட்டார். விழுப்புரம் குடோனில் உட்கார்ந்து எழுதும் வேலை இருக்கிறது, பத்தாவது பாஸ் பண்ணிக்கொண்டு வா என்றார். எனக்கு அறிவியல் மட்டும்தான் பாக்கி. பள்ளியில் ஜோக்கடித்தே காலம் தள்ளிய பலன்.

தனியாகப் பணம் கட்டி எழுதினேன். பெயில். மறுபடி எழுதினேன். மறுபடியும் பெயில். விசைக் கணக்கு ஒவ்வொன்றும் என் பிராணனை வாங்கியது. இனி ஒரே ஒரு முறைதான் காத்திருப்பேன் என்றார் முதலாளி.

பதினொன்றாவது படிக்கும் என் மகள் ஜெனிபர் என் நோட்டைப் புரட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“யப்பா, ஆயிரம் கிலோ காரு. நீ ஏன் தொள்ளாயிரத்து தொண்ணூத்தொம்போதுன்னு போட்டுக்கினு இருக்க?”

“கோணிக்கு ஒரு கிலோ கழிக்கணுமில்ல?”

“காருக்கு ஏதுப்பா கோணி?”

மண்டியில் மூட்டைக்கு ஒரு கிலோ கழித்துத்தான் சீட்டு எழுதுவோம். கை அப்படியே பழகிவிட்டது. இன்னொரு கணக்கில் ஊஞ்சலாடிய சிறுமிக்கும் கழித்திருந்தேன்.

“அப்ப பொண்ணு பாக்க வந்தப்ப என்னையும் கழிச்சித்தான் பாத்தியா?” என்றாள் என் மனைவி எஸ்தர்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இந்தக் கோணிக் கதையைச் சொல்லி விண்ணப்பம் வைத்தேன். பாஸ்டரம்மா கண்ணை மூடி, “ஆண்டவரே, அண்ணன் தலையில இருக்கிற கோணிய நீரே எடுத்துப் போடும்” என்றார். சபையே குலுங்கிச் சிரித்தது. நான் மட்டும் அழுதேன். அன்றைக்கு எனக்கு ஜோக் வரவில்லை.

தேர்வு விழுப்புரத்தில். பஸ் முழுக்க எரிச்சலோடுதான் ஜெபித்தேன். “ஆண்டவரே, உலகத்த படைச்சீரு, சரி. அதுல விசைய எதுக்கு வெச்சீரு?”

கேள்வித்தாளைப் பிரித்தேன். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றைக் கயிறு கட்டி, இரண்டு மீ/வி² முடுக்கத்தோடு மேலே இழுக்கிறார்களாம். கயிற்றின் இழுவிசை என்ன?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை கார், எத்தனை ஊஞ்சல் இருக்க, எனக்கென்று மூட்டை! இதற்கு நிஜமாகவே கோணி உண்டே! கழிப்பதா, வேண்டாமா? நாற்பத்தொன்பது என்று எழுதிவிட்டேன். “இயேசப்பா, ஒண்ணும் புரியல” என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

அப்போது இடுப்பு சுள்ளென்று வலித்தது. வலியோடு வந்தது பதில். இருபது வருடம் நான் தூக்கினேனே, கோணியைக் கழற்றி வைத்துவிட்டா தூக்கினேன்? சீட்டில்தான் கழித்தோம். என் இடுப்பு முழு ஐம்பதையும் சுமந்தது. கயிறும் அப்படித்தானே இழுக்கும்!

நாற்பத்தொன்பதை அடித்தேன். புவியீர்ப்புக்குப் பத்து, முடுக்கத்துக்கு இரண்டு என்று கூட்டி, ஐம்பதைப் பன்னிரண்டால் பெருக்கினேன். அறுநூறு. கிலோ என்று எழுதப் போன கையை இழுத்துப் பிடித்து, நியூட்டன் என்று எழுதினேன்.

முப்பத்தாறு மார்க். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். இன்று குடோனில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

என் கோணியை எடுத்துப் போடச் சொல்லித்தான் ஜெபித்தோம். ஆண்டவர் எடுக்கவில்லை. கோணியோடு சேர்த்தே என்னைத் தூக்கினார். என் சாட்சியைக் கேட்கும் நீங்களும் உங்கள் குறையை முதலில் கழித்துவிட்டு அவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே போங்கள். முழு எடையோடு தூக்குவார்.

சிரித்தது போதும். இப்போது ஆமென் சொல்லுங்கள்.