எட்டும் ஒரே அளவு

அமிர்தவல்லிக்குக் கோணல் ஆகாது. தொண்டூரில் பிறந்தவர். பன்னிரண்டாவது முடித்ததும் புதுச்சேரியில் ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாமான் செய்யும் பட்டறை ஒன்றில் பொட்டலம் கட்டச் சேர்ந்தார். ஆறே மாதத்தில் ஊதுகிறவர்களின் மேசைக்கு மாறினார். அதுவரை பெண் யாரும் உட்காராத மேசை அது. இருபத்திரண்டு வருடம் குடுவையும் பியூரெட்டும் செய்துவிட்டு, இப்போது செஞ்சியில், திண்டிவனம் சாலையில், தகரக் கூரையின் கீழ் சொந்தமாகத் தொழில் செய்கிறார்.

நான் அவரைத் தேடிப் போனதற்கு என் பிடிவாதமே காரணம். வருடக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தவள், பின்லாந்தில் பார்த்த தொங்கு விளக்குகளைத் மாமா சிவசங்கர் திறக்கவிருந்த புது உணவகத்துக்கு வரவழைக்கும்படி அவரை நச்சரித்திருந்தேன். வாயால் ஊதிய கண்ணாடி, நீர்த்துளி வடிவம், தேங்காய் அளவு. நீள மேசைக்கு மேல் வரிசையாக எட்டு தொங்க வேண்டும். பெட்டியைப் பிரித்தபோது மூன்று நொறுங்கிக் கிடந்தன. திறப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது.

மாதிரிக்கு நான் கொண்டுபோன விளக்கை அமிர்தவல்லி அளவுகோலில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் புடைத்திருப்பதாகச் சொன்னார். உடைந்தவற்றுக்குப் பதிலாகத் தான் செய்த மூன்றிலும் அந்தப் பிழையைத் திருத்திவிட்டார். கண்ணாடியில் மாட்டிய ரப்பர் குழாயின் மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுடரில் கண்ணாடியைச் சுழற்றிச் சுழற்றி அவர் ஊதியபோது கன்னம் கூட உப்பவில்லை.

ஒயர்மேன் வளவன் எட்டையும் மாட்டினார். கல்யாணக் கூட்டத்தில் மூன்று போலீஸ்காரர்கள் நுழைந்த மாதிரி இருந்தது. வந்த ஐந்தில் ஒன்று குண்டு, ஒன்று நெட்டை, ஒன்றில் குமிழி. அமிர்தவல்லி செய்தவை மூன்றும் அச்சு அசலாக ஒன்று.

"கொஞ்சம் கோணலா ஊதிக் குடேன், அமிர்தவல்லி. சேர்ந்துக்கும்," என்றார் மாமா.

நானும் ஒத்து ஊதினேன். பின்லாந்தில் ஒன்றுபோல் ஒன்று இல்லாததுதான் அழகு என்றேன்.

அமிர்தவல்லி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"கோணல் வந்தா ஒடைச்சிப் போட்டுத்தான் இருவத்திரெண்டு வருசம் சோறு தின்னேன். இப்ப வேணும்னே கோணலா ஊதச் சொல்றீங்களா? அந்த அஞ்சையும் கழட்டுங்க சார். எட்டும் நானே தர்றேன். புடிக்கலன்னா ஒண்ணுகூட மாட்டாதீங்க."

மாமா தயங்கினார். ஊரெல்லாம் வெளிநாட்டு விளக்கு என்று சொல்லி வைத்திருந்தார். இருந்தாலும் தலையாட்டினார்.

நான்கு நாள் பட்டறைக் கதவு திறக்கவே இல்லை. ஐந்தாம் நாள் வைக்கோல் போட்ட கூடையில் ஐந்து விளக்குகள் வந்தன. மாட்டி முடித்ததும் அமிர்தவல்லி வரிசையின் ஒரு கோடியில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். அவர் சொன்னபடி நான்காவதை வளவன் அரை விரல் ஏற்றினார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

கோடியில் நின்று பார்த்தால் விளக்கு ஒன்றுதான். மற்ற ஏழும் அதற்குப் பின்னால் மறைந்துவிட்டன. ஓரடி நகர்ந்தேன். எட்டும் ஒன்றாக வெளியே வந்தன. மேசை முழுக்க எட்டு வட்டமாக வெளிச்சம், ஒன்றை ஒன்று தொடாமல். அழகைப் பற்றி நான் நிறுத்தாமல் பேசியிருந்தேன். இப்போது மறுபடி கோடிக்குப் போய் நானும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். மாமா மேசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு முறை நடந்தார்.

"திறப்பு அன்னிக்கு யார் கேட்டாலும் உன் பேரைத்தான் சொல்வேன்," என்றார். பிறகு மூலையில் இருந்த பெட்டியைக் காட்டினார். "இந்த அஞ்சை இன்னா பண்றது?"

"வூட்டுல மாட்டிக்கங்க சார்," என்றார் அமிர்தவல்லி. "லேசாத்தான் கோணல். பழகிடும்."