ஹியூபேட் அண்ணனும் எங்கள் தகர வாளியும்

சிங்கப்பூரை வெள்ளைக்காரன் பறிகொடுத்ததற்குக் காரணம் பீரங்கி போதாமை அல்ல. எங்கள் ஹியூபேட் அண்ணனை அங்கே வாசலில் நிறுத்தாததுதான். நிறுத்தியிருந்தால் "முதல்ல ஆர் எண்டு சொல்லு, பிறகு வா" என்று முழு யப்பான் படையையும் வெளியிலேயே காக்கவைத்திருப்பார். இன்றைக்கு உலகத்தில் உயிரோடு இருக்கிறவர்களுக்குள் மிகப் பத்திரமான மனிதர் அவர்தான். ஒருநாளும் மாட்டிடம் உதை வாங்காத வேறொரு பால்காரனைக் காட்டுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். மீசை இன்னும் வரவில்லை. வந்ததும் எடுத்துவிடுகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம், தென்னந்தோட்டத்துக்குள் ஷரீப் முதலாளியின் மாட்டுப்பட்டி இருக்கிறது. அங்கேதான் ஹியூபேட் அண்ணனுக்கு வேலை. கொட்டாஞ்சேனைக்காரர், வேதக்காரர். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். மகனுக்குக் கப்பலின் ஆட்டம் தலையைச் சுற்றியதால் ஆடாத சாமானாகப் பார்த்து மாட்டுக்கு வந்தாராம். மனைவி மேபல் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனா, பிள்ளையும் தங்கவில்லை. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. தொழுவத்தோடு ஒட்டிய பலகை அறையில் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குப் போனாலும் பூசை முடிந்த கையோடு திரும்பிவிடுவார். மாட்டுக்கு ஞாயிறு தெரியாதே.

எந்த மாட்டுக்குக் கிட்டப் போனாலும் அவர் தூரத்திலேயே சத்தம் கொடுப்பார். "பிள்ளை, நான் வாறன்." பிறகு அதன் முதுகில் கையை வைத்து, வைத்த கையை எடுக்காமலே மற்றப் பக்கம் சுற்றிப் போவார். பின்னால் நிற்பது ஆர் என்று தெரியாமல்தான் மாடு உதைக்கிறதாம். இந்தப் பழக்கம் அவரிலே அப்படி ஊறிப்போய், தபால் கந்தோருக்குள் நுழையும்போதும் "நான் வாறன்" என்பார். கோயிலில் பாவம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் அப்படியே சொல்ல, உள்ளே இருந்த சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாகக் கேள்வி. அவரைப்போலக் கதைத்துக் காட்டி எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளையெல்லாம் சிரிக்கவைப்பது என்னுடைய தொழில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வேறு தொழில் இல்லை.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் வேலி ஓட்டையால் பார்த்தேன். தன் பலகை அறைக் கதவைத் தள்ளும்போதும் அவர் "நான் வாறன்" என்றார். உள்ளே ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் தொழில் நடத்தவில்லை. கொஞ்ச நாள்தான்.

பட்டியில் சிந்தி இனக் காளை ஒன்று இருக்கிறது. பெயர் துரை. தேயிலைத் தோட்டத்துத் துரைமாரைப்போலக் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பதால் அந்தப் பெயர். அதன் அடைப்புக்குள் ஒருவர் போவதென்றால் வெளியே இன்னொருவர் நிற்கவேண்டும் என்பது ஹியூபேட் அண்ணன் வைத்த சட்டம். துரைக்கு முன்பிருந்த காளையிடம் இருளப்பன் என்ற அவருடைய கூட்டாளி ஒரு மத்தியானம் தனியே போனார். ஒருவருக்கும் சொல்லவில்லை. பின்னேரம் பால் கறக்க ஆளைக் காணோமே என்று தேடித்தான் கண்டுபிடித்தார்கள்.

"மாடு கொன்றதில்லையடா அவனை. ஆருக்கும் தெரியாமக் கிடந்ததுதான் கொன்றது" என்று ஹியூபேட் அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார். இருளப்பன் போன பிறகுதான் அடைப்பின் மூலையில் இரண்டு தூண்களை நெருக்கமாக நட்டு, ஆள் நழுவி வெளியே வரலாம், காளை வரமுடியாது என்கிற அளவில் ஓர் இடுக்கும் வைத்தார்.

இப்படியிருக்க, ஈஸ்டர் ஞாயிறன்று யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மறுநாளே பட்டியாட்கள் எல்லாரும் ஊரைப் பார்த்து ஓடினார்கள். ஷரீப் முதலாளி பசுக்களை ஹோமாகமைப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். ராணுவ லொறிகளுக்கு நடுவே துரையை நடத்த முடியாது.

"நீங்களும் வாங்க ஹியூபேட். இது நிண்டா நிக்கட்டும்."

"தண்ணி ஆர் வைக்கிறது, முதலாளி?"

"அப்ப இருங்க. ஆனா ஒத்தையில உள்ளுக்குப் போறதெண்டா வாணாம். வெளியால ஆளில்லாட்டிச் சொல்லுங்க, இறைச்சிக்காரனுக்குக் குடுத்திடுவம்."

ஹியூபேட் அண்ணன் அன்றைக்கே எங்கள் வேலியடிக்கு வந்தார். தண்ணீர் வைக்கக் காலையில் அடைப்புக்குள் போகுமுன் "உள்ளே போறன்" என்று கத்துவார். இங்கிருந்து பதில் வரவேண்டும். திரும்பி வந்ததும் "வந்திட்டன்" என்பார். அது வராவிட்டால் ஆள் அனுப்பவேண்டும். முதல் நாள் நான்தான் "ஓம்" என்று பதில் கொடுத்தேன். சொல்லிவிட்டு, கடற்கரையில் முள்ளுக்கம்பி அடிக்கிறார்களாம் என்று பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்ர ஓம் எனக்கு வேண்டாம் தம்பி. வீட்டில பெரியாக்கள் ஆரும் இல்லையோ?"

பெரிய ஆள் உம்மாதான். வாப்பா விடிந்தால் புறக்கோட்டைக் கடைக்குப் போய் இருட்டித்தான் வருவார். ஆனால் உம்மாவின் குரலை அந்நிய ஆம்பிளை ஒருவரும் கேட்டதில்லை. மீன்காரனோடுகூட என் வாயால்தான் விலை பேசுவா. அதனால் உம்மா ஒரு தகர வாளியையும் அகப்பையையும் எடுத்தா. "உள்ளே போறன்" என்றால் இரண்டு தட்டு. "வந்திட்டன்" என்றால் ஒரு தட்டு. அந்த ஒரு தட்டு கொஞ்சம் மெதுவாக இருக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று வாளியே சொன்னது போல.

பிறகு, யப்பான்காரன் திரும்பவும் வரப்போகிறான் என்று கதை அடிபட்டது. வாப்பா உம்மாவையும் தங்கச்சி ஹபீலாவையும் பேருவளைக்கு மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்குக் காவல் நான். நாலு சட்டி, ஒரு மணிக்கூடு, நான். மணிக்கூடு இவ்வளவு சத்தமாக அடிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒழுங்கையிலும் பாதி வீடு பூட்டு. பகிடி விடுவதற்கும் கேட்க ஆள் வேண்டுமே. இரண்டு நாள் காகங்களோடு கதைத்துப் பார்த்தேன். அவற்றுக்கு நேரமில்லை.

உம்மா போனது தெரிந்தால் ஹியூபேட் அண்ணன் முதலாளிக்குச் சொல்லி அனுப்புவார். முதலாளி இறைச்சிக்காரனுக்குச் சொல்லி அனுப்புவார். துரை போனால் அவரும் போய்விடுவார். ஆகையால் வாளியை நான் கையில் எடுத்தேன். சும்மா, பகிடிக்குத்தான்.

அந்தக் கிழமையிலிருந்து அவர் பின்னேரமும் ஒருதரம் கூப்பிடத் தொடங்கினார். வெயில் சூட்டுக்குத் துரை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை "உள்ளே போறன்" கேட்டது. தட்டினேன். அந்த நேரம் பார்த்து இரத்மலானைப் பக்கமிருந்து நம்முடைய விமானம் ஒன்று தென்னைத் தலைகளை உரசுகிற மாதிரிப் போனது. காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். சத்தம் அடங்கியது. "வந்திட்டன்" வரவில்லை.

வாளியை இரண்டு தட்டுத் தட்டினேன். வாளியால் கேள்வி கேட்க முடியாது. இன்னும் பலமாகத் தட்டினேன். பதில் இல்லை. வேலிக் கிடுகைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். வாளியைக் கீழே போடவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஹியூபேட் அண்ணன் சீமெந்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே முழங்காலைப் பிடித்தபடி ஒடுங்கிக் கிடந்தார். விமானச் சத்தத்துக்கு வெருண்ட துரை அவரைத் தள்ளிவிழுத்தியிருக்கிறது. இப்போது அவருக்கும் அந்த இடுக்குக்கும் நடுவே நின்று, தலையைத் தாழ்த்தித் தொட்டியின் விளிம்பை மோந்துகொண்டிருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. என்னைக் கண்டதும் விரலை மட்டும் உதட்டில் வைத்தார்.

துரையின் புண்ணாக்குச் சாக்கு இருப்பது வாசல் கம்பிக்கு வெளியே. என் வாளியில் இரண்டு கை அள்ளிப் போட்டு, கம்பிக்குக் கீழால் உள்ளே தள்ளினேன். ஹியூபேட் அண்ணனின் குரலை எடுத்தேன். என்னுடையது இல்லையே, நடுங்குவதற்கு!

"பிள்ளை, நான் வாறன்" என்றேன். ஒழுங்கை முழுவதும் சிரித்த அதே குரல். ஒருவரும் சிரிக்கவில்லை. துரையின் காது திரும்பியது. "நான் வாறன் பிள்ளை, நான் வாறன்." தொட்டிக்குக் கீழே கிடக்கிற மனிதரை ஒருதரம் பார்த்தது, வாசலை ஒருதரம் பார்த்தது. பிறகு ஆடி அசைந்து வாசலுக்கு வந்து வாளிக்குள் மூக்கை விட்டது. ஹியூபேட் அண்ணன் தவழ்ந்துபோய் இடுக்கால் வெளியே விழுந்தார்.

நான் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். துரை வாளியை நக்கி முடித்துக் கம்பிக்கு வெளியே தள்ளிவிட்டது. அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆர் உன்னை அனுப்பினது?"

"உம்மாதான். இன்னும் சத்தத்தைக் காணல்ல, போய்ப் பாரு எண்டா."

"இண்டைக்கு வாளி தட்டினதும் உம்மாவோ?"

"வேற ஆர்?"

அவர் முழங்காலைத் தடவினார். "உங்கட உம்மா இரண்டு தட்டுத் தட்டிப்போட்டு நிப்பாட்டுவா. இப்ப கொஞ்ச நாளா எனக்குக் கலியாண வீட்டு மேளமெல்லோ கேக்குது."

எனக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுகொண்டோ உள்ளுக்குப் போனீங்க? என்ர ஓம் வேண்டாமெண்டு சொன்ன ஆள்!"

"நான் கூப்பிட முந்தியே வேலியடியில வாளி கிணுங்குறது கேக்கும். வெள்ளன எழும்பி வந்து குந்திக்கொண்டிருக்கிறவன் கடற்கரைக்குப் போகமாட்டான்."

"பகிடிக்குத்தான் குந்தினனான்."

"ஓம் ஓம். பின்னேரத்தில நான் அடைப்புக்குள்ள போறதே இல்லை, தெரியுமோ? இந்தத் தூணில சாய்ஞ்சு நிண்டுதான் கத்துறனான்."

"அப்ப ஏன் கத்துறீங்க?"

"உம்மா பயணம் போற அண்டைக்கு வேலியடிக்கு வந்து சொல்லிப்போட்டுப் போனவ. அவன் தனிய இருப்பான், பயமெண்டு வாயால சொல்லமாட்டான், இடைக்கிடை கூப்பிட்டுப் பாருங்க எண்டா. அவட குரலை அண்டைக்குத்தான் கேட்டனான்."

நான் வாளியை எடுத்துத் துடைத்தேன். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் என் தோளைப் பிடித்து எழும்பி, பிறகு கையை விட்டுவிட்டு, நொண்டி நொண்டித் தன் பலகை அறைக்குப் போனார். கதவில் கையை வைத்தார்.

"நான் வாறன்" என்றார், வழக்கம்போல.

என் கை சும்மா இருக்கவில்லை. வாளியில் இரண்டு தட்டு. மெதுவாகத்தான்.

ஹியூபேட் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது ஆர், உம்மாவோ?" என்றார்.