ராணியின் கழுத்து

உள்ளங்கையை நிறைக்கும் அளவுள்ள வெண்கலப் பதக்கம் அது. அதில் பக்கவாட்டில் திரும்பியிருந்த ராணி பிரான்சு தேசத்தை ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்டவள். அவளுடைய கழுத்துப்பட்டியின் சரிகை வேலைப்பாடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நான் விளக்கைத் தாழ்த்தி, இடப்பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் டாக்டரம்மா இருந்தார். “இன்னும் கொஞ்சம் இறக்கும்மா. அவ கழுத்து தெரியணும்” என்றார்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அப்போது புகைப்படம் எடுக்கும் வேலை எனக்கு. பெரும்பாலும் பட்டாசுப் பெட்டிகள்தான். விலைப்பட்டியலுக்காகப் புஸ்வாணத்தையும் சங்குசக்கரத்தையும் வரிசையாக நிறுத்திப் படமெடுப்பேன். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆமத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். டாக்டரம்மா விருதுநகரில் நெடுங்காலம் ஆஸ்பத்திரி நடத்தி ஓய்வு பெற்றவர். இளவயதில் இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் ஐரோப்பிய ராஜா ராணிகளின் நினைவுப் பதக்கங்களை வாங்கத் தொடங்கியிருக்கிறார். முடிசூட்டு, கல்யாணம், போர் வெற்றி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அந்தக் காலத்து அரசர்கள் தங்கள் முகத்தை உலோகத்தில் அடித்துக் கொடுத்தார்களாம். தன்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் பிற்காலத்து வார்ப்புகள்தான், அசல் இல்லை என்று அவரே சிரித்துக்கொண்டே சொல்வார். அவற்றைப் படங்களோடு ஒரு சிறு புத்தகமாகப் போட வேண்டுமென்று பிஸ்கட் டப்பாவில் பருத்திப் புடவைத் துணி சுற்றி எடுத்து வந்திருந்தார். படமெடுக்கும்போது கூடவே இருப்பேன் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அந்த முகங்களை அவர் டாக்டராகவே பார்த்தார். ஆஸ்திரியாவின் பேரரசர் ஒருவருக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அவருடைய மகனின் பதக்கத்திலும் அதே தாடை. “மெடல் அடிக்கிறவன் ராஜாவுக்குப் பயந்துக்கிட்டுதான் அடிச்சிருப்பான். ஆனாலும் தாடைய எங்கன கொண்டுபோய் ஒளிக்கிறது?” என்பார். பொய்முடி அணிந்த இன்னொரு ராஜா, பதக்கத்துக்குப் பதக்கம் கன்னம் தொங்கிக் கிழவனாகிக்கொண்டே போவார். இந்த ராணியின் கழுத்தில் மெல்லிய ஒரு வீக்கம் இருப்பதாக அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். நான் விளக்கை இறக்கியதும் அது தெரிந்தது. குரல்வளைக்குக் கீழே ஒரு சிறு மேடு.

“பாத்தியா!” என்று குதூகலமாக என் பக்கம் திரும்பியவர் என் கழுத்தையே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அதே வெளிச்சம் என் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, நிமிந்து உக்காரு. எச்சில முழுங்கு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுங்கினேன். எழுந்து என் பின்னால் வந்து, இரண்டு கைகளாலும் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் குளிர்ந்திருந்தன. “இது எம்புட்டு நாளா இருக்கு?”

“தெரியலைங்கம்மா. பிள்ளை பெத்ததுக்கு அப்புறம் உடம்பு போட்டிருக்குன்னு நெனச்சேன்.”

அன்று அதற்கு மேல் அவர் படம் எடுக்க விடவில்லை. தன் காரிலேயே விருதுநகருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தார். அடுத்த வாரம் மதுரையில் கழுத்திலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனை. முடிவு வந்தபோது என் கணவரையும் உட்கார வைத்து, ஒளிக்காமல் சொன்னார். தைராய்டில் புற்று. சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது, எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போடக் கூடாது.

தள்ளிப்போடத்தான் எல்லோரும் நினைத்தோம். “பிள்ளை பெத்த உடம்பு, அப்பிடித்தான் இருக்கும். கழுத்துல கத்தி வச்சா பேச்சு போயிரும்” என்று மாமியார் அழுதார். எனக்கும் அந்தப் பயம்தான். மகள் அப்போதுதான் அம்மா என்று சொல்லத் தொடங்கியிருந்தாள், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் குரல் இல்லாமல் போனால் என்ன செய்வேன்? தீபாவளி சீசன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சீசன் முடியட்டும் என்று அச்சகத்தில் தலையைக் குனிந்து வேலை பார்த்தேன்.

ஒரு காலை டாக்டரம்மா நேராக முதலாளி அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. “வாங்க டாக்டரம்மா, உங்க புக்கு வேலைதான் ஓடிக்கிட்டிருக்கு” என்றார் முதலாளி.

“என் புக்கு வரவே வேண்டாம். இந்தப் பிள்ளைய நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. பட்டாசுப் பெட்டிய யாரு வேணாலும் படம் எடுக்கலாம்.”

முதலாளி என்னைக் கூப்பிட்டார். உண்மையிலேயே அவருக்கு விஷயம் தெரியாது. “ஏம்மா, எங்கிட்டச் சொல்ல வேண்டாமா? போ. ஒன் எடம் இங்கனதான் இருக்கும்” என்றார்.

மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று அறைக்கு வெளியே என் கணவருக்குத் துணையாக டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாராம். கண் விழித்தபோது குரல் காற்றாகத்தான் வந்தது. வாரக்கணக்கில் அப்படியே இருந்தது. மகளைச் சைகையால் கூப்பிட்டேன். அவள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா ஞாயிறுதோறும் ஆமத்தூருக்கு வந்து, என்னை ஒன்று இரண்டு என்று எண்ணச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியில் ஏறப்போன மகளைப் பார்த்து என்னையறியாமல் கத்தினேன். கரகரப்பாகத்தான் வந்தது, ஆனால் தெருவுக்கே கேட்டது. மாமியார் அடுப்பை விட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுதோம். குழந்தை பயந்து போய்த் தானும் அழுதது.

அடுத்த வருடம் புத்தகம் வந்தது. மீதிப் படங்களையும் நானே எடுத்தேன். இன்று எனக்குச் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. மகள் கல்லூரிக்குப் போகிறாள். கூட்டத்தில் நான் பேசினால் யாராவது ஒருவர், தொண்டை கட்டியிருக்கா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

டாக்டரம்மா எண்பதைத் தாண்டிவிட்டார். அதே விருதுநகர் வீடு. பதக்கங்களையெல்லாம் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். இத்தனை வருடமும் ஒரு தடவைகூட நான் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாது. போன மாதம் மகளோடு போயிருந்தபோது சொல்லிவிட்டேன். “நீங்க பாக்கலைன்னா இவளுக்கு அம்மா இருந்திருக்க மாட்டாங்கம்மா.”

அவர் என் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: “நான் அன்னிக்கு ராணியப் பாக்கத்தான் வந்தேன் தாயி. ஒங்க அம்மாதான் குறுக்க வந்து உக்காந்துட்டா.”